வாட்டர் கலர் சோதனை: ஒரே கலவை, ஐந்து பேப்பர், பன்னிரண்டு கட்டம்

"கலர் திட்டுத்திட்டாக விழுகிறது, இந்த ட்யூப் மட்டம்" என்று சொல்பவரின் கையில் என்ன பேப்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஸ்கூல் டிராயிங் நோட்டாகவோ சார்ட்டாகவோ இருக்கும். அதே ட்யூப்பை நல்ல பருத்திப் பேப்பரில் தீட்டினால் வானம் வழுவழுவென்று இறங்கும். மறுபக்கமும் உண்டு: விலை உயர்ந்த பேப்பர் வாங்கி, மட்டமான கலரைப் பூசிவிட்டு, பேப்பரைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். எது யார் குற்றம் என்று தெரிய ஒரே வழி, கலவையை மாற்றாமல் பேப்பரை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதையும் உங்கள் அறையில், உங்கள் தண்ணீரில் செய்ய வேண்டும். குளிர்நாட்டில் ஒருவர் போட்ட வீடியோவில் "இரண்டு நிமிடம் ஈரம் நிற்கும்" என்றால், சித்திரை மாத மதுரையில் ஃபேனுக்கு அடியில் அந்த ஈரம் அதற்குள் காய்ந்து போயிருக்கும்.

மொத்த வேலைக்கு ஒரு முழுப் பகலும், மறுநாள் ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள். வெயில் சோதனை தனி. அது மூன்று மாதம் தன்பாட்டுக்கு ஓடும்.

பேப்பர்: எந்த ஐந்து?

கடைக்காரர் 'ஜி.எஸ்.எம்' என்று சொல்வது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். எடை கூடினால் நெளிவு குறையும். ஆனால் கலர் எப்படி உட்காரும் என்பதை எடை தீர்மானிப்பதில்லை. நார் என்ன, சைஸிங் எப்படி என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. சைஸிங் என்பது தாள் தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சாமல் தடுக்கும் பசைப்பூச்சு. நம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெலட்டின், ஸ்டார்ச், செயற்கைப் பசை என்று பல வகையில் போடுகிறார்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. ஆர்ச்சஸ் பேப்பரை நனைத்தால் லேசாக ஒரு வாடை வருவது அதனால்தான். அது வேண்டாம் என்பவர்கள் ஃபேப்ரியானோ ஆர்டிஸ்டிகோ எடுக்கலாம், அதில் விலங்குப் பசை இல்லை.

சோதனைக்கு இந்த ஐந்தும் போதும்:

1. டிராயிங் நோட்டுத் தாள், 120 முதல் 150 ஜி.எஸ்.எம் வரை. ஒப்பீட்டுக்கு மட்டும்.
2. மரக்கூழ் வாட்டர் கலர் பேப்பர், 200 அல்லது 300 ஜி.எஸ்.எம். கேன்சன் எக்ஸ்.எல், மான்ட்வால் இந்த வகை.
3. 100% பருத்தி, கோல்ட் பிரஸ் (மேடுபள்ளமான முகம்), 300 ஜி.எஸ்.எம். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட், ஆர்டிஸ்டிகோ, அல்லது நம் நாட்டு பிராண்டுகளின் பருத்தித் தாள்.
4. அதே பருத்தி, ஹாட் பிரஸ். இஸ்திரி போட்டது போல் வழவழப்பான முகம்.
5. கைத்தாள். புதுச்சேரியில் செய்வது போன்றது, அல்லது பனியன் கட்பீஸ் துணியை அரைத்துச் செய்வது.

ஒரே பிராண்டிலேயே மரக்கூழும் பருத்தியும் உண்டு. புருஸ்ட்ரோ இரண்டையும் விற்கிறது. ஆகவே அட்டையில் பிராண்ட் பெயரைப் பார்த்து வாங்காமல், '100% காட்டன்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் 'ஆர்ட்டிஸ்ட் கிரேடு' என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது.

மாசி வீதிகளில் நோட்டும் சார்ட்டும் மாணவர் ட்யூபும் எளிதாகக் கிடைக்கும். பருத்தித் தாளைப் பலர் ஆன்லைனில்தான் வாங்குகிறார்கள். முதல் முறை முழுக்கட்டு வாங்க வேண்டாம், ஒற்றைத் தாள் போதும். முழு இம்பீரியல் தாள் 56 × 76 செ.மீ. அதை நாலுக்கு நாலாக வெட்டினால் 14 × 19 செ.மீ அளவில் 16 துண்டு கிடைக்கும். சோதனைக்கு ஒரு வகைக்கு இரண்டே துண்டு போதும், மீதியைப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ4 தாளாக இருந்தால் பாதியாக வெட்டி, ஓரத்தைக் கழித்து அதே 14 × 19 அளவுக்குக் கொண்டு வாருங்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் முன்முகத்திலும் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்காது. வெட்டிய பிறகு எது முன், எது பின் என்று தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய.

கலர்: எந்த ஐந்து?

பெயரைப் பார்க்காமல் ட்யூபின் பின்பக்கம் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே 'கிரிம்ஸன்' என்ற பெயரில் மூன்று கம்பெனி மூன்று வேறு பொருளை விற்கும். குறியீடு பொய் சொல்லாது.

அல்ட்ராமரைன் நீலம், பி.பி.29: தூள் கனமானது, பேப்பரின் குழியில் குருணையாகப் படியும். தாலோ நீலம், பி.பி.15: தூள் மிக நுண்ணியது, நாருக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. பர்ன்ட் சியன்னா, பி.பி.ஆர்.7 அல்லது பி.ஆர்.101: மண் நிறம். அலிசரின் கிரிம்ஸன், பி.ஆர்.83: வெயிலில் வெளுக்கும் என்று பேர் வாங்கியது, அதனால்தான் இதில் சேர்க்கிறோம். ஐந்தாவது, உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு மஞ்சள்.

போஸ்டர் கலரை இதில் கலக்காதீர்கள். அது பேப்பரை மூடி மறைப்பதற்காகச் செய்தது. அடியில் இருக்கும் வெள்ளை தெரியாது என்பதால் பேப்பரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தண்ணீர், வெக்கை, ஃபேன்

மதுரையில் பல வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். வாளியில் வெள்ளைப் படிவம் விழுகிறதென்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கடினத் தண்ணீரில் சில நிறமிகள் திரண்டு கட்டிக்கொள்ளும். மெல்லிய வாஷ் (தண்ணீராகக் கரைத்த கலர்ப் பூச்சு) காய்ந்த பிறகு மேலே மங்கலாக வெண்மை படரும். குடிக்கிற கேன் தண்ணீரே போதும். சந்தேகம் தீர வேண்டுமானால் மிச்சத் துண்டு ஒன்றில் அல்ட்ராமரைனை போர் தண்ணீரில் ஒரு பட்டை, கேன் தண்ணீரில் ஒரு பட்டை போட்டுக் காய விடுங்கள்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். கோடையில் கொடுமைதான், ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே உள்ள தாள் முன்னே காயும், ஓரத்தில் உள்ளது பின்னே காயும். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது பேப்பரை அல்ல, காற்றை. வெயிலுக்கு முன்னே, காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் ஈர வேலை எல்லாம் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழ்: வாஷ் காயவே காயாது. அன்றைக்கு ஹேர் டிரையர் எடுக்கத் தோன்றும். எடுத்தால் ஐந்து தாளுக்கும் ஒரே தூரம், ஒரே நேரம் காட்டுங்கள். தாளின் பின்பக்கம் நாள், நேரம், மழையா வெயிலா என்று பென்சிலில் எழுதி வையுங்கள். கத்திரியில் கிடைத்த முடிவு கார்த்திகைக்குச் செல்லாது.

தாளை ஒட்டுவது

பரீட்சை அட்டை ஐந்து, அல்லது 60 × 45 செ.மீ அளவில் ஒரு பிளைவுட் பலகை. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு அதே விரலால் தாளைத் தொட்டால், தொட்ட இடத்தில் கலர் பிடிக்காமல் வெள்ளை வெள்ளையாக விரல் தடம் நிற்கும். இதைப் பேப்பர் குறை என்று நினைத்துப் பலர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு அங்குல மாஸ்கிங் டேப்பில் பாதி தாள் மேலும் பாதி அட்டை மேலும் வரும்படி நாலு பக்கமும் ஒட்டுங்கள். தலைப்பில் இரண்டரை செ.மீ விட்டு, மீதி இடத்தில் பென்சிலால் மூன்று வரிசை × நாலு அடுக்கு, ஆகப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றும் 3 செ.மீ சதுரம், இடைவெளி அரை செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டத்து ஈரம் குதித்து வந்து சோதனையைக் கெடுக்கும். எச்.பி பென்சிலால் லேசாகப் போடுங்கள். அழுத்தினால் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் கலர் கோடாகத் தேங்கும்.

கலவை

முதல் தாளுக்கு (ஐந்து வகையிலும் முதல் துண்டுக்கு) அல்ட்ராமரைன் மட்டும். ட்யூபிலிருந்து 6 செ.மீ நீளம் பிதுக்கி, மருந்துக்கடை 5 மி.லி ஊசிக்குழாயால் (ஊசி வேண்டாம்) 12 மி.லி தண்ணீர் அளந்து, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கட்டியில்லாமல் கரையுங்கள். முதலில் 2 மி.லி மட்டும் விட்டுக் குழைத்து, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி அடியிலேயே தங்கும். இது ஐந்து தாளுக்கும் சேர்த்த கலவை. நடுவில் தீர்ந்துபோய்ப் புதிதாகக் கரைத்தால் மொத்தமும் வீண்.

இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. அல்ட்ராமரைன் கனமான தூள், கிண்ணத்தின் அடியில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை பிரஷை முக்கும் முன்னும் கிளறுங்கள். இரண்டாவது, வெக்கையில் கலவைத் தண்ணீர் ஆவியாகி ஒரு மணி நேரத்தில் கெட்டியாகும். வேலை இல்லாதபோது கிண்ணத்தைத் தட்டால் மூடுங்கள். அதைவிட முக்கியம், ஒரு தாளை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் கட்டத்தை ஐந்து தாளிலும் வரிசையாகப் போட்டுவிட்டு இரண்டாம் கட்டத்துக்கு வாருங்கள். அப்போதுதான் ஐந்துக்கும் ஒரே கெட்டிக் கலவை போகும்.

பிரஷ்: எட்டாம் நம்பர் ரவுண்டு ஒன்று, முக்கால் அங்குல ஃப்ளாட் ஒன்று. செயற்கை முடி போதும்.

கலருக்கு முன் ஒரு சொட்டு

கட்டத்துக்கு வெளியே, தலைப்பு இடத்தில், ஊசிக்குழாயால் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விட்டு மணி பாருங்கள். சைஸிங் நன்றாக இருந்தால் சொட்டு குண்டாக, மினுக்கிக்கொண்டு பல நிமிடம் நிற்கும். தாள் அதைச் சில நொடியில் குடித்து, பின்பக்கம் சாம்பல் வட்டம் தெரிந்தால் சைஸிங் இல்லை, அல்லது பழசாகிக் கெட்டுவிட்டது. கைத்தாளில் இது அடிக்கடி நடக்கும், சில கைத்தாள் சைஸிங் போடாமலே வருகிறது. அதில் வாட்டர் கலர் மையொற்றுத் தாளில் விழுந்த மாதிரிதான் பரவும். நல்ல பேப்பரே ஆனாலும் இரண்டு மழைக்காலம் பரணில் கிடந்தால் சைஸிங் அங்கங்கே செத்துப்போகும். வாஷ் போட்டதும் தோலில் தேமல் மாதிரி திட்டுகள் எழும்பும். அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை, பென்சில் ஸ்கெட்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாள்: பன்னிரண்டு கட்டம்

முதல் கட்டம், சம வாஷ். அட்டையின் தலைப்பக்கம் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சாய்வு கொடுங்கள். ஃப்ளாட் பிரஷை நன்றாக முக்கி, மேலே இடமிருந்து வலமாக ஒரு கோடு. கோட்டின் கீழ் விளிம்பில் கலர் நீர்மணியாகத் தொங்கும். அடுத்த கோடு அந்த மணியைத் தொட்டு அதைக் கீழே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கட்டத்தின் அடியில் சேரும் கடைசி மணியை, பிழிந்த பிரஷின் நுனியால் உறிஞ்சி எடுங்கள். எடுக்காவிட்டால் அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த கலருக்குள் திரும்ப ஏறி, பூக்கோசு விளிம்பு மாதிரி ஒரு ஓரம் கட்டும். போட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்த் தடவாதீர்கள். நோட்டுத் தாளில் கோடு கோடாக நிற்கும், பருத்தியில் கோடு ஒன்றோடொன்று கரையும். இந்த ஒரு கட்டமே பாதி விடை சொல்லிவிடும்.

இரண்டாவது, இறங்கு வாஷ். மேலே கலவை, ஒவ்வொரு கோட்டுக்கும் பிரஷைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி, கடைசிக் கோடு வெறும் தண்ணீர்.

மூன்றாவது, ஈரத்தில் ஈரம். இங்கேதான் மதுரை வெக்கை தன் வேலையைக் காட்டும். கட்டத்தை வெறும் தண்ணீரால் நனையுங்கள். முதலில் தாள் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பளபளப்பு பட்டுத் துணியின் மினுக்காக இறங்கும். அந்த நேரத்தில் நடுவில் ஒரு சொட்டு கலவை விடுங்கள். கண்ணாடிப் பளபளப்பில் விட்டால் கலர் திசை தெரியாமல் ஓடும், மினுக்கும் போய்விட்ட பிறகு விட்டால் கட்டி விளிம்பு விழும். ஒவ்வொரு தாளிலும் நனைத்ததிலிருந்து மினுக்கு வரும் வரை எத்தனை நொடி என்று போன் ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். பருத்தி நீண்ட நேரம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், மரக்கூழ் மேலாகக் காய்ந்துவிடும். வைகைக் கரை மேகம், தெப்பக்குளத்து நிழல் என்று பெரிய ஈர வேலை செய்கிறவர்களுக்கு இந்த நொடிக் கணக்குதான் பேப்பர் வாங்குவதற்கு அளவுகோல்.

நான்காவது, மலர்ச்சி. வாஷ் போட்டு, மினுக்கு இறங்கியதும் ஒரு சொட்டுத் தண்ணீர். எந்தப் பேப்பரில் அழகாக விரிகிறது, எதில் அசிங்கமாக வெடிக்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாவது, உலர்ந்த பிரஷ். பிரஷைத் துணியில் நன்றாக ஒற்றி, படுக்க வைத்து வேகமாக இழுக்க வேண்டும். கோல்ட் பிரஸ்ஸில் மேடு மட்டும் கலர் பிடித்துப் பாறை மாதிரி தெரியும். ஹாட் பிரஸ்ஸில் ஒன்றும் கிடைக்காது, அது அதன் குணம், குறை அல்ல.

ஆறாவது, மூன்று அடுக்கு. முதல் அடுக்கு முழுக் கட்டத்துக்கும், இரண்டாவது மூன்றில் இரண்டு பங்குக்கு, மூன்றாவது ஒரு பங்குக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுக்கக் காய வேண்டும். புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். மரக்கூழில் இரண்டாவது அடுக்கு முதலாவதைக் கிளப்பிக் கலக்கிவிடும், ஏனென்றால் அங்கே நிறமி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பருத்தியில் நிறமி நாருக்குள் இறங்கியிருப்பதால் அடி அடுக்கு அசையாது.

ஏழாவது, ஈரத்தில் எடுப்பது: வாஷ் போட்ட உடனே பிழிந்த பிரஷால் நடுவில் ஒரு கோடு உறிஞ்சுங்கள்.

எட்டாவது, காய்ந்த பின் எடுப்பது. இன்றைக்கு வாஷ் மட்டும் போட்டு விட்டுவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து, ஈர ஃப்ளாட் பிரஷால் ஐந்தே இழுப்பு, டிஷ்யூவால் ஒரே ஒற்று. ஐந்து தாளுக்கும் இழுப்பு எண்ணிக்கை மாறக்கூடாது.

ஆறும் எட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதைக் கவனியுங்கள். எதில் அடுக்கு அசையாமல் நிற்கிறதோ அதில் கலரை எடுப்பது கஷ்டம். எதில் எளிதாக எடுக்க முடிகிறதோ அதில் அடுக்கு கலங்கும். இரண்டும் ஒரே பேப்பரில் கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். தப்பைத் திருத்திக்கொண்டே பழகும் புதியவருக்கு மரக்கூழ் தோழன், ஐந்தாறு அடுக்கு ஏற்றுபவருக்குப் பருத்தி.

ஒன்பதாவது, தேய்ப்பு. ஈர பிரஷால் ஒரே இடத்தில் இருபது முறை. தாள் பஞ்சு பஞ்சாக உருண்டு வந்தால் அதில் திருத்த வேலை ஆகாது.

பத்தாவது, டேப். கட்டத்தின் குறுக்கே ஒரு துண்டு ஒட்டி, நகத்தால் ஓரம் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து அதன் மேல் வாஷ். காய்ந்ததும் தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரியுங்கள். கலர் அடியில் கசிகிறதா, தாளின் தோல் கூடவே வருகிறதா என்று பாருங்கள். கோடையில் டேப்பை இரண்டு மூன்று நாள் விட்டால் பசை உருகித் தாளில் ஏறும். அன்றே உரித்துவிட வேண்டும்.

பதினொன்று, பேனா. தண்ணீரில் கரையாத கறுப்பு மைப் பேனாவால் மூன்று கோடு, அரை மணி காய்ந்ததும் மேலே வாஷ். கோடு பிசிறடித்தால் பேப்பர் குற்றம், கோடு கரைந்தால் மை குற்றம். கோட்டின் மேல் வெண்படலம் தெரிந்தால் கலர் ஒளிபுகாத ரகம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களைப் பேனாவில் வரைந்து கலர் ஏற்ற ஆசைப்படுகிறவர் இந்தக் கட்டத்தில் ஹாட் பிரஸ்ஸை மட்டும் பார்த்தால் போதும். அத்தனை சின்னச் சின்னக் கை, முகம், ஆயுதத்துக்கு கோல்ட் பிரஸ்ஸின் மேடுபள்ளம் இடைஞ்சல்.

பன்னிரண்டு, வெறும் தண்ணீர். இரண்டு முறை நனைத்துக் காயவிட்டால் தாள் எவ்வளவு நெளிகிறது, முகம் சொரசொரக்கிறதா என்று கலர் இல்லாமலே தெரியும்.

இரண்டாம் தாள்

மீதி நாலு கலருக்கு மூன்று கட்டம் வீதம்: சம வாஷ், ஈரத்தில் ஈரம், காய்ந்த பின் எடுப்பது. கலருக்கு 2 செ.மீ பிதுக்கி 4 மி.லி தண்ணீர். தாலோ நீலத்துக்குப் பாதி போதும், அது வீரியம் கூடியது, இதே அளவில் கறுப்பாகவே தெரியும். பாதி என்றால் ஐந்து தாளுக்கும் பாதி.

மறுநாள்: எப்படிப் பார்ப்பது

டியூப்லைட்டில் தீர்ப்பு சொல்லாதீர்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நேர் வெயில் விழாத ஜன்னலருகே ஐந்தையும் ஒட்டி வைத்து, ஒரே கட்டத்தை ஐந்திலும் பாருங்கள். அப்புறம் அடுத்த கட்டம். வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும். எந்தப் பேப்பரில் அதிகம் வெளிறுகிறது என்பதே ஒரு குணம். நோட்டுத் தாளிலும் சைஸிங் இல்லாத கைத்தாளிலும் கலர் செத்த மாதிரி இருக்கும். நிறமி உள்ளே ஆழப் புதைந்துவிட்டதால் வெளிச்சம் திரும்பி வருவதில்லை.

பேப்பர் வெள்ளையும் ஏமாற்றும். கடையில் ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் நீல விளக்கின் கீழ் தாளை வையுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். வெளிச்சம் படப்பட அது வலுவிழந்து தாள் மஞ்சளிக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு அந்தத் தாள் வேண்டாம்.

கோளாறும் காரணமும்

வாஷில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளிகள்: பெரும்பாலும் சைஸிங் அதிகம். பிரஷ் காய்ந்திருந்தாலும் வரும். தாளை ஒரு முறை வெறும் தண்ணீரால் நனைத்துக் காயவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். வெள்ளை போய்விட்டால் சைஸிங்தான்.

விளிம்பு ரோமம் ரோமமாகப் பரவுவது: சைஸிங் குறைவு.

நடுவில் குளம் கட்டுவது: 200 ஜி.எஸ்.எம் தாள் நெளிந்து பள்ளம் விழுகிறது, கலர் பள்ளத்தில் சேர்கிறது. தாளின் இரண்டு முகத்தையும் நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழுப்பு கம் டேப்பால் பிளைவுட்டில் ஒட்டிக் காயவிட்டால் மேளத்தோல் மாதிரி விறைக்கும். அல்லது 300-க்கு மாறுங்கள்.

அல்ட்ராமரைனில் குருணை ஒரு பேப்பரிலும் வரவில்லை: பேப்பரைக் குறை சொல்ல வேண்டாம். ட்யூபில் நிரப்பும் மாவு அதிகம், அல்லது குறியீடு பி.பி.29 இல்லை. ஐந்து தாளிலும் ஒரே குறை என்றால் கலர் குற்றவாளி. ஒரே ஒரு தாளில் மட்டும் என்றால் பேப்பர். ஐந்திலும் வேறு வேறு என்றால் உங்கள் கலவையோ ஃபேனோ. முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

வெயில் சோதனை

ஒவ்வொரு கலரையும் கெட்டியாகப் பாதி, நீர்த்ததாகப் பாதி என்று 3 × 12 செ.மீ பட்டையில் பருத்தித் தாளில் பூசி, நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி கனமான புத்தகத்துக்குள். மறுபாதி கண்ணாடிச் சட்டத்துக்குள், ஜன்னலில்.

எந்த ஜன்னல்? மேலைநாட்டுக் கையேடுகள் எல்லாம் 'தெற்கு ஜன்னல்' என்று சொல்லும். மதுரை வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சித்திரை பிறப்பிலிருந்து ஏறக்குறைய ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் வைத்தால் நேர் வெயிலே படாது. கிழக்கு அல்லது மேற்கு ஜன்னல்தான் வருடம் முழுக்க ஆகும். மொட்டை மாடி வேண்டாம், மழை பெய்தால் போச்சு.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, புத்தகத்துக்குள் இருக்கும் பாதியோடு சேர்த்துப் பாருங்கள். நீர்த்த பகுதி முதலில் வெளுக்கும். அலிசரினும், கண்ணைப் பறிக்கும் பிங்க், வயலட் ரகங்களும் முன்னே போகும். அல்ட்ராமரைன், தாலோ, மண் நிறங்கள் மூன்று மாதத்தில் அசையக்கூடாது. அசைந்தால் அந்த ட்யூபில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. நிழலுக்கு அலிசரின் வேண்டும் என்பவர்கள் பி.வி.19 கொண்ட ட்யூபைத் தேடலாம்.

ஒரு சின்னப் படம்

கட்டங்களில் தேறிய இரண்டு பேப்பரில் மட்டும், அஞ்சலட்டை அளவில் ஒரே படம் போட்டுப் பாருங்கள். ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலை நல்ல பொருள்: இறங்கு வாஷில் வானம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த குருணைச் சாம்பலில் மலை, பாறை முகத்துக்கு உலர்ந்த பிரஷ், அடிவாரத்து மரங்கள் ஈரத்தில் ஈரம். அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். கட்டத்தில் நன்றாக இருந்த பேப்பர் படத்தில் கையோடு ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. அப்போது கட்டத்தை விட்டுவிட்டுப் படத்தை நம்புங்கள்.

தாள்களை வைக்கும் இடம்

சைஸிங்கில் உள்ள ஜெலட்டினும் ஸ்டார்ச்சும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து, மழைக்காலப் பூஞ்சைக்கும்தான். சோதனைத் தாளையும் புதுப் பேப்பரையும் ஜிப் உறையில், இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டிய பீரோவின் அடித்தட்டு மிக மோசமான இடம். கார்த்திகையில் ஒரு முறை உறையைத் திறந்து சொட்டு சோதனையை மட்டும் மறுபடி செய்யுங்கள். புதுக் கட்டு வாங்கினாலும், அதே பிராண்டே ஆனாலும், சொட்டும் முதல் கட்டமும் போட்டுப் பார்த்து, பழைய தாளின் பின்பக்கம் எழுதிய தேதிக்குக் கீழே புதுத் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.